பழைய ஹைலக்ஸ் கெப்: டீசலும் கூடப் போகிறது, ஏற்றத்தில் சூடும் ஏறுகிறது. எதை முதலில் பார்ப்பது?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: களுவாஞ்சிகுடியில் ஓடும் தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், 3எல் எனும் வகை டீசல் என்ஜின், நாலு சில்லும் இழுக்கும் வகை. லீற்றருக்கு 7 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. சுமையோடு பதுளைக்குப் போனால் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போகிறது. கராஜில் தெர்மோஸ்டற்றை, அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறக்கும் வால்வை, கழற்றி எறிந்துவிட்டார்கள். அப்படியும் சரிவராததால், என்ஜின் பேனை எடுத்துவிட்டுக் கரண்ட் பேன் பூட்டச் சொல்கிறார்கள்; டீசலும் மிச்சமாகும் என்கிறார்கள். பூட்டலாமா?

பூட்ட வேண்டாம். முதலில் தெர்மோஸ்டற்றைத் திரும்பப் போடுங்கள். டீசல் கூடப் போவதற்கும் ஏற்றத்தில் சூடேறுவதற்கும் அதைக் கழற்றியது பங்குக் காரணமாக இருக்கக்கூடும்.

எங்கள் பக்கத்தில் பழைய கெப், லொறி என்று எதைத் திறந்து பார்த்தாலும் தெர்மோஸ்டற் இருக்காது. "இந்த வெயிலுக்கு அது எதற்கு" என்று எடுத்துவிடுகிறார்கள். என்ஜினுக்கு வெளி வெயில் பெரிய கணக்கில்லை. உள்ளே தண்ணீர் 80 முதல் 95 பாகைக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தெர்மோஸ்டற் இல்லாமல் செங்கலடியிலிருந்து மகாஓயா வரை சமதரையில் வெறும் வண்டி ஓடினால், தண்ணீர் 60 பாகையைத் தாண்டவே சிரமப்படும். ஒயில் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும், டீசல் பற்றிக்கொள்ளச் சுணங்கும். 3எல் போன்ற, டீசல் முதலில் பற்றும் சிறு முன்னறை வைத்த என்ஜின்களுக்கு இந்தக் குளிர்ச்சி இன்னும் கெடுதல். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. இந்த என்ஜின்களின் டீசல் பம்ப் பலவற்றில் என்ஜின் தண்ணீர் ஓடும் சிறிய மெழுகுக் குப்பி ஒன்று உண்டு. தண்ணீர் குளிராக இருக்கும் வரை அது ஐடிலை ஏற்றி, டைமிங்கையும் (டீசல் பீச்சும் நேரம்) முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கும். என்ஜின் சரியாகச் சூடேறாவிட்டால் குப்பி முழுதாக விரியாது. வண்டி நாள் முழுக்கக் காலை ஸ்டார்ட் போட்ட நிலையிலேயே ஓடும்.

சரி, கழற்றினால் ஏற்றத்திலாவது குளிர வேண்டாமா? இந்த வகைத் தெர்மோஸ்டற்றின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கிறது. மேல் வாய் திறக்கத் திறக்க, அந்த அடித்தட்டு கீழே இறங்கி, ரேடியேற்றருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதனால்தான் சுடுதண்ணீர் முழுவதும் ரேடியேற்றருக்குப் போகிறது. தெர்மோஸ்டற்றைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேற்றர்ப் பக்கம் போகாமலே மீண்டும் என்ஜினுக்குள் சுற்றும். ரேடியேற்றர் ஏற்கெனவே பாதி அடைபட்டிருந்தால், தண்ணீர் இலேசான வழியான பைபாஸைத்தான் தேடிப் போகும். "தண்ணீர் வேகமாக ஓடுவதால் குளிர நேரம் கிடைப்பதில்லை" என்று சொல்லப்படும் விளக்கம் தவறு. வேகமாக ஓடினால் குளிர்ச்சி குறையாது. காரணம் பைபாஸ்தான்.

வாங்கும்போது அடித்தட்டு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டில்லாத மலிவு வகை அதே இடத்தில் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. திறக்கும் சூடு உடம்பிலேயே பொறித்திருக்கும். 76 அல்லது 82 போட்டது நல்லது. பூட்டுமுன் ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள், சட்டியின் அடியில் படக்கூடாது. பொறித்த சூட்டுக்கு இரண்டு மூன்று பாகை முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, கொதி வருமுன் 8 மில்லிமீற்றராவது திறக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறிய ஊசி ஒன்று இருக்கும். அது மேற்பக்கம் வர வைத்துப் பூட்டினால்தான் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும். கீழ்ப்பக்கமாகப் பூட்டினால் காற்று தங்கி, முதல் ஓட்டத்திலேயே முள் ஏறிப் பயமுறுத்தும்.

தெர்மோஸ்டற் போட்ட பிறகும் ஏற்றத்தில் சூடேறினால், அல்லது முன்னைவிடத் தெளிவாகச் சூடேறினால், குற்றம் ரேடியேற்றரிலோ காற்றோட்டத்திலோ இருக்கிறது. எதில் என்று பிரித்தறிவது கடினமில்லை. இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது முள் உயர்ந்து, சமதரைக்கு வந்து வேகம் பிடித்ததும் இறங்கினால் காற்றுக் குறைவு: பேன் கிளச், பேனைச் சுற்றியுள்ள கூடு, அடைபட்ட தகடுகள். சமதரையில் 80 வேகத்தில் சுமையோடு ஓடும்போதே முள் உயர்ந்தால் தண்ணீர் ஓட்டக் குறைவு: ரேடியேற்றர்க் குழாய் அடைப்பு, தேய்ந்த வோட்டர் பம்ப், உறிஞ்சலில் ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ். உங்கள் விவரத்தின்படி காற்றுப் பக்கம்தான் முதலில் சந்தேகம். ஆனாலும் தண்ணீர்ப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் கரையோர வண்டிகளின் ரேடியேற்றர் உள்ளும் வெளியும் ஒருங்கே சாகிறது.

வெளியே சாவது உப்பால். ரேடியேற்றரை முன்னிருந்து பார்த்தால் சுத்தமாக, நேராக, அடைப்பில்லாமல் தெரியும். குழாய்க்குப் பக்கத்தில் தகட்டின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்து, தகடு குழாயை விட்டு விலகி நிற்கும். குழாயோடு ஒட்டாத தகடு வெப்பத்தை வாங்காது. பார்வைக்கு முழு ரேடியேற்றர், வேலைக்குப் பாதி. கடற்கரையோரம் இரவில் நிறுத்தும் வண்டிகளில் இது பெரும்பாலும் கீழ்ப்பாதியில் தொடங்கும். அப்படி உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, குழாயும் தகடும் சேர்ந்த உட்கூட்டையே மாற்ற வேண்டும். பித்தளைத் தொட்டி நன்றாக இருந்தால் மூன்று வரிசைச் செப்புக் கூடு போட்டு ஈயப் பற்று வைக்கச் சொல்லுங்கள். மலிவு அலுமினிய ரேடியேற்றரும் வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பற்றவைக்க முடியாது.

உதிராவிட்டால் கழுவுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் பக்கம் நெல் வெட்டுக் காலத்தில் போய்வரும் வண்டிகளுக்கு இது கட்டாயம். வெட்டு மெஷின் கிளப்பும் பதரும் வைக்கோல் தூளும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் புகுந்து, ஒயில் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்துவிடும். முன்னாலிருந்தும் தெரியாது, பின்னாலிருந்தும் தெரியாது. ரேடியேற்றரின் மேல் ஆணிகளைத் தளர்த்திச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து டோர்ச் அடித்தால்தான் காண்பீர்கள். தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய் அழுத்தத்தில் அடியுங்கள். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் துப்பாக்கியைக் கிட்ட வைத்து அடித்தால் தகடுகள் படுத்துவிடும்.

உள்ளே சாவது கிணற்றுத் தண்ணீரால். கரையோர மணல் கிணறுகளில் உவரும் சுண்ணமும் உண்டு. சூடேறும்போது சுண்ணம் பிரிந்து, மிகச் சூடான இடத்தில்தான் முதலில் படியும். அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டில், வால்வுகளுக்கும் முன்னறைக்கும் நடுவில். இந்த என்ஜின் ஹெட் வெடிப்பதும் சரியாக அதே இடத்தில்தான். ஒருமுறை ஊற்றிய தண்ணீரிலுள்ள சுண்ணம் ஒருமுறை படிந்து முடிந்துவிடும். ஒழுக்கை அடைக்காமல் தினம் அரைப் போத்தல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓடும் வண்டிக்குள்தான் தினம் புதுச் சுண்ணம் போகிறது. ஆகவே ஒழுக்கைத் தேடி அடைப்பது தண்ணீரை மாற்றுவதற்கு முந்திய வேலை. வோட்டர் பம்பின் அடித் துளையில் காய்ந்த கறை இருக்கிறதா, ஹோஸ் கிளிப் ஓரத்தில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, ஹீற்றர் இருந்தால் கால்மிதியடி ஈரமா என்று பாருங்கள்.

கழுவும் முறை: குளிர்ந்த என்ஜினில் ரேடியேற்றரின் அடித் திருகையும் என்ஜின் புளொக்கின் பக்கத் திருகையும் திறந்து வடியுங்கள். புளொக்கைத் திறக்காவிட்டால் பழைய தண்ணீரில் பெரும்பங்கு உள்ளேயே நிற்கும். வடிவதை வாளியில் அளந்து வையுங்கள். இந்த வண்டிக்கு ஏறத்தாழ 10 லீற்றர் வரும். தெர்மோஸ்டற்றைக் கழற்றி வைத்துவிட்டு, லெமன் சோல்ட் (சிட்ரிக் அமிலம்) லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் கணக்கில் கரைத்து நிரப்பி, என்ஜினைச் சூடாக்கி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடியுங்கள். மண்ணிறச் சேறாக வந்தால் இன்னொரு முறை. பிறகு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் தெளிவாக வரும் வரை. கழிப்பறை கழுவும் அசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈயப் பற்றையும் அலுமினியத்தையும் தின்றுவிடும், வேண்டாம். லெமன் சோல்ட்டும்கூட, சுண்ணம் மட்டுமே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையைத் திறந்துவிடும். அது நல்லதே: லுணுகலையில் ஒழுகுவதைவிட வீட்டு முற்றத்தில் ஒழுகட்டும்.

குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தால் எந்த மருந்தும் போகாது. தொட்டியைக் கழற்றித் தட்டைக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். அடைப்பை அறிய, சூடான என்ஜினில் சூடு அளக்கும் துப்பாக்கியால் ரேடியேற்றரைக் குறுக்கே அளந்து வாருங்கள். பக்கத்துக் குழாய்களைவிடத் தெளிவாகக் குளிர்ந்த பட்டை எங்கே வருகிறதோ அங்கே தண்ணீர் ஓடவில்லை. பளபளக்கும் பித்தளையில் துப்பாக்கி பொய் சொல்லும். கறுப்புப் பூச்சுள்ள இடத்தில் மட்டும் அளந்து பாருங்கள்.

நிரப்பும்போது பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் 6 லீற்றர், செறிவான கூலன்ட் 4 லீற்றர். எங்கள் நாட்டில் உறையும் குளிர் இல்லாவிட்டாலும், துருவைத் தடுப்பதும் வோட்டர் பம்ப் சீலைக் காப்பதும் கூலன்ட்தான். பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், வெறும் தண்ணீரைவிட அது வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். சிவப்பையும் பச்சையையும் கலக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றினால் போதும்.

ரேடியேற்றர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். பழைய மூடியில் பொறித்த அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.9. அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காது. ரப்பர் இறந்த மூடியோடு 100 பாகையில் கொதித்துக் கொட்டும். என்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பி நின்றால் மூடியின் உறிஞ்சு வால்வு ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பேன். பேனுக்கும் பெல்ற் ஓடும் கப்பிக்கும் நடுவிலுள்ள வட்டமான கிளச்சுக்குள் தடித்த சிலிக்கன் ஒயில் இருக்கிறது. முன்னால் தெரியும் சுருள் கம்பி ரேடியேற்றரிலிருந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, சூடானால் பேனைப் பிடிக்கும், குளிர்ந்தால் நழுவவிடும். ஒயில் ஒழுகிப்போனால் பேன் எப்போதும் நழுவும், ஏற்றத்தில் காற்று வராது. நல்ல சூட்டில் என்ஜினை நிறுத்தி, முற்றாக நின்றபின் பேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு மேல் தானாக ஓடினால் கிளச் செத்துவிட்டது. கிளச்சின் ஓரத்தில் கறுத்த பிசுக்கு வட்டமாகத் தெறித்திருந்தாலும் அதே. டொயோட்டா இந்தச் சிலிக்கன் ஒயிலை 18 மில்லிலீற்றர்க் குழாய்களில் விற்கிறது. பழையதை வடித்து இரண்டு குழாய் விடுவது வழக்கம். சீல் நல்லதென்றால் இதுவே மலிவான வைத்தியம். கிளச்சை வெல்ட் பண்ணிப் பேனை நிரந்தரமாகப் பிடிக்க வைப்பதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பேன் விழுங்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும்: என்ஜின் சுற்று இரண்டு மடங்கானால் பேன் எட்டு மடங்கு சக்தியைத் தின்னும். அதுவும் உங்கள் டீசல்தான்.

கரண்ட் பேன் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 3எல் என்ஜின் முழு இழுவையில் 67 கிலோவாற் தருகிறது. அந்த நேரம் ஏறக்குறைய அதே அளவு வெப்பம் தண்ணீர் வழியாக வெளியேற வேண்டும். கடையில் கிடைக்கும் 12 அங்குல மலிவு பேனின் மோட்டார் 80 வாற் அளவு. காரில், சமதரையில் அது போதும். சுமையோடு இரண்டாம் கியரில் லுணுகலை ஏறும் கெப்புக்குப் போதாது. கிளச் சரியாக வேலை செய்யும் பேன் சமதரையில் தானாகவே நழுவி ஓடுவதால், மிச்சமாகும் டீசலும் சொற்பம். பேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்தோ இல்லாமலோ இருந்தால் அதற்குச் செலவழியுங்கள். கூடு இல்லாத பேன் அதே சூடான காற்றை என்ஜின் அறைக்குள்ளேயே சுற்றவிடும்.

இனி டீசல். முதலில் 7 என்பது உண்மையா என்று பாருங்கள். உங்கள் வண்டிக்குப் பழைய 205 ஆர் 16 ரயருக்குப் பதில் 265/70 ஆர் 16 போட்டிருந்தால், சில்லு கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது. மீற்றர் 100 காட்டும்போது வண்டி 106 ஓடியிருக்கும். 7 என்பது 7.4. செங்கலடி வீதியின் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிட்டுத் திருத்தம் கண்டுபிடியுங்கள். ஒரே எரிபொருள் நிலையத்தில், ஒரே பம்பில், வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, நுரை அடங்கும் வரை பொறுத்து வாய் வரை நிரப்பி, 250 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடி, மறுபடி அதேபோல் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். டாஷ்போர்ட் முள்ளை வைத்துப் போடும் கணக்கில் பயனில்லை. நல்ல நிலையில் உள்ள இந்த வண்டி சமதரையில் 60, 70 வேகத்தில் 9 முதல் 11 வரை தர வேண்டும். மலைக்குச் சுமையோடு போய்வந்தால் அதைவிடக் குறையும், அது நோயல்ல.

செலவில்லாத இடங்களை முதலில் பாருங்கள். முன் சில்லுகளின் நடுவிலுள்ள ஹப் பூட்டு "லொக்" இல் கிடக்கிறதா? சேற்று வயல் வட்டையில் போட்டுவிட்டு மறந்தால் முன் அச்சு முழுவதும் சும்மா சுழலும். பத்துக் கிலோமீற்றர் பிறேக் அதிகம் பிடிக்காமல் ஓடிவந்து நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், சுடும் என்பதால் கவனமாக. ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பெயாரிங் போகிறது. கரையோர வண்டிகளில் பின் ஹேண்ட் பிறேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். ரயர்க் காற்றைக் கதவுத் தூணிலுள்ள அட்டையின்படி, காலையில் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். சுமைக்கும் வெறுமைக்கும் பின் ரயர் அளவு வேறு. வெட்டுக் காலத்தில் எயார் பில்டரை வாரம் ஒருமுறை கழற்றி உள்ளிருந்து வெளியாக மெதுவாக ஊதுங்கள்.

அடுத்தது டீசல் பம்பும், டீசலைப் பீச்சும் நொசில்களும். புகைதான் இங்கே சாட்சி. கறுப்பென்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. சூடான பின்னும் வெள்ளையென்றால் டைமிங் பிந்தியது அல்லது நொசில் கெட்டது. நீலமென்றால் ஒயில். வருடாந்தம் எடுக்கும் புகைச் சான்றிதழ்களை எறியாமல் வையுங்கள். அதிலுள்ள புகை அடர்த்தி எண்ணை முந்திய வருடத்தோடு ஒப்பிட்டால், நொசில் தேய்வதைக் கண்ணுக்குத் தெரியுமுன் அது சொல்லிவிடும். "இழுவை காணாது" என்று பம்பின் முழுச்சுமைத் திருகை ஏற்றிவிட்ட வண்டிகள் நிறைய. அந்தத் திருகு ஏற்றிய வண்டி டீசலையும் குடிக்கும், ஏற்றத்தில் சூட்டையும் கூட்டும். முழு மிதிப்பில் மெல்லிய சாம்பல் நிறம் தெரியும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். நொசில்களை அழுத்தம் பார்க்கும் பெஞ்சில் வைத்துத் துளி விடாமல் பனிபோல் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைமிங்கை டயல் கேஜ் வைத்துத்தான் அமைக்க வேண்டும். காதால் கேட்டு வைப்பது போதாது. டைமிங் பெல்ற் ஒரு லட்சம் கிலோமீற்றரில் மாற வேண்டியது. அதை எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில், அதை மாற்றுமுன் மற்ற எதையும் தொடாதீர்கள். வால்வ் இடைவெளி குளிரில் உள்வாங்கிக்கு 0.20 முதல் 0.30, வெளியேற்றிக்கு 0.40 முதல் 0.50 மில்லிமீற்றர். மண்ணெண்ணெய் கலப்பது வேண்டாம். இந்த பம்புக்கு டீசல்தான் மசகு; மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை, பம்ப் தலை தேயும்.

டீசல் குழாயில் பூட்டும் காந்தங்களுக்கும் போத்தல் மருந்துகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் ஒன்றைக்கூடக் காணவில்லை.

ஓட்டும் முறையில் இரண்டு விடயம். இந்த என்ஜினின் இழுவை 2400 சுற்றில் உச்சம். மூன்றாம் கியரில் 1300 சுற்றில் திணறிக் கறுப்புப் புகையோடு ஏறுவதைவிட, ஒரு கியர் இறக்கி 2200 முதல் 2800 இல் பாதி மிதிப்பில் ஏறுவது நல்லது. அப்போதுதான் பேனும் வோட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் ஓடும்போது மிதியிலிருந்து கால் எடுத்தால் பம்ப் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடில் டீசல் எரிகிறது, பிறேக்கும் காய்கிறது.

ரேடியேற்றருக்குப் பெரிய காசு போடுமுன் கடைசியாக ஒரு சோதனை. காலையில் குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆரம்பத்தில் ஓரிரு குமிழி வந்து நிற்கலாம். நிற்காமல் சீராகக் குமிழி வந்துகொண்டிருந்தால், அல்லது மூடிவைத்து இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட் கஸ்கட் போயிருக்கிறது அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. அப்போது ஹெட்டைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்வதுதான் முதல் வேலை; புது ரேடியேற்றர் போட்டாலும் அது கொதிக்கும்.

இதற்கிடையில் வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஒரு கியர் இறக்கி மெதுவாக ஏறுங்கள். இறங்காவிட்டால் ஓரம் கட்டி, தண்ணீர் கொட்டியிராவிட்டால் என்ஜினை நிறுத்தாமல் 1200 சுற்றளவில் சில நிமிடம் ஓடவிடுங்கள். கொட்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும் வரை, குறைந்தது அரை மணி நேரம், மூடியில் கை வைக்க வேண்டாம். சூடான என்ஜினின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நிரப்பும்போது என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.